கழுத்து திரும்பிய பக்கம்

ஜனவரி 12

அன்புள்ள டமாரத்துக்கு,

அக்கா எழுதுவது. உன் மாமா நலம். நான் கழுத்துக்கு மேலேயும் நலம், கழுத்துக்குக் கீழேயும் நலம். நடுவில் இருக்கிற அந்த ஒரு சாண் இடம்தான் என் உயிரை வாங்குகிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமா?

போன வாரம் நீ போன் செய்தபோது பாதியில் வைத்துவிட்டேன். கோபித்துக்கொண்டிருப்பாய். போனைக் காதில் வைத்துத் தலையைச் சாய்த்தால், வலது காதுக்குப் பின்னாலிருந்து தோள்பட்டை வரைக்கும் யாரோ உள்ளே உட்கார்ந்து கயிறு திரிக்கிற மாதிரி இருக்கிறது. அதனால் இனிமேல் போன் வேண்டாம், கடிதம் போடு. உன் கையெழுத்து கோழி கிளறினாற்போல் இருந்தாலும் பரவாயில்லை. ஊரில் இருக்கிற வக்கீல்களின் உளறலையெல்லாம் எழுதியெடுப்பவள், உன்னைப் படிக்க மாட்டேனா?

வலி புதிதில்லை. இரண்டு வருஷமாக வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. இப்போது வந்தது போகமாட்டேன் என்கிறது. காலையில் எழுந்தால் தேவலாம். கோர்ட்டில் மத்தியானத்துக்குள் கழுத்து கட்டையாகிவிடும். சாயங்காலம் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் பஸ் திரும்புகிற மாதிரி மொத்த உடம்போடும்தான் திரும்புகிறேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன வாரம் சாட்சி பேசிக்கொண்டிருக்கும்போதே வலது கை விரல்கள் மரத்துப்போய்ப் பேனா நழுவிவிட்டது. சுருக்கெழுத்துக்காரிக்குக் கை போனால் என்ன மிச்சம்? அடுத்தவர் பேசி முடிக்கும்போது நானும் எழுதி முடித்திருப்பேன். அந்த ஒரு கெட்டிக்காரத்தனத்தை வைத்துத்தான் இத்தனை காலம் நிமிர்ந்து நடந்தேன். இந்த வேலை போனால் எனக்கு வேறொன்றும் தெரியாது.

எலும்பு டாக்டரிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்து, "தேய்மானம்தாம்மா. நாப்பதுக்கு மேல எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்று சொல்லி ஒரு கழுத்துப்பட்டையைக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு போனேன். நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "என்னம்மா, நீங்களே நஷ்டஈடு கேட்டு கேஸ் போட வந்த மாதிரி இருக்கீங்க?" என்றார். கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தாலும் வலிக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா


ஜனவரி 25

பாம்புச் செவி அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சுகம். கடையில் மெத்தைகளும் படுத்தபடியே சுகம். மாமா சுகமாகத்தான் இருப்பார், அவருக்கென்ன, வாயைத் திறந்தால்தானே வம்பு வரும்.

அக்கா, மெத்தைக் கடைக்காரனுடைய அக்காவுக்குக் கழுத்து வலி என்றால் நாலு பேர் என்னைப் பார்த்து என்ன கேட்பார்கள்? எலும்பு டாக்டருக்கு எலும்பு தெரியும், தலையணை தெரியுமா? நீ இன்னும் அந்தக் கல்யாணத் தலையணையில்தானே படுக்கிறாய்? அது தலையணை இல்லை, செங்கல். இத்துடன் பார்சலில் ஒன்று அனுப்புகிறேன். நடுவில் பள்ளம், ஓரத்தில் மேடு. பள்ளத்தில் தலையை வை, மேட்டில் கழுத்தை வை, மீதியை என்னிடம் விடு.

கை மரத்துப்போனது என்று படித்ததும் எனக்கும் என்னவோ போல் ஆகிவிட்டது. அதை மட்டும் சும்மா விடாதே. எலும்பு டாக்டர் சரியில்லையென்றால் நரம்பு டாக்டரைப் பார். கோர்ட்டில் வக்கீல்களும் உன்னைப் பாம்புச் செவி என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அந்தப் பேரை முதலில் வைத்தவன் நான். வாசலில் உட்கார்ந்துகொண்டு, அடுக்களையில் நான் பிஸ்கட் டப்பாவின் மூடியைத் திறக்கிற சத்தத்தைக் கண்டுபிடித்தவள் நீ. அடிபட்டவன் மறப்பானா?

போன் வேண்டாம் என்றாயே, அதுவும் நல்லதுதான். கடையில் ஒரே இரைச்சல். நீ வேறு இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறாய்.

பட்டையைக் குளிக்கும்போது கழற்றிவிடு.

உன் டமாரம்

அண்ணிக்கு வணக்கம். உங்கள் தம்பி வீட்டுக்காரி எழுதுவது. இவர் டி.வி. பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறார், அந்தச் சத்தத்தில் என்ன எழுதினாரோ தெரியவில்லை. எங்கள் டி.வி. கேட்பதே போதும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர்களுடையதை அணைத்துவிட்டார்கள். ஒத்தடம் கொடுங்கள் அண்ணி. தலையணை நல்ல தலையணைதான்.


பிப்ரவரி 23

அன்புள்ள டமாரத்துக்கு,

இங்கே சுகம். இந்த முறை மெய்யாகவே ஒரு சுகமான சேதி சொல்கிறேன், அதற்காகத்தான் இவ்வளவு தாமதம்.

உன் தலையணையில் படுத்தேன். கழுத்து ஒத்துக்கொள்ளவில்லை. மாமாவுக்கு ஒத்துக்கொண்டுவிட்டது. நான் அடுக்களைக்குப் போய்த் திரும்புவதற்குள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அது எனக்கு வந்தது" என்றால் அவர் பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இந்த மனுஷனுக்கு வரவர ஒரு கேள்விக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. கல்யாணம் ஆன புதிதில் இப்படியா இருந்தார்? சுவரோடு பேசினாலும் எதிரொலி வரும்.

நரம்பு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தண்டுவடத்தில் ஏதாவது இருந்து, அறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால்? கை அப்படியே நின்றுவிட்டால்? எதிர்வீட்டுக்காரி வேறு, "அந்தக் குழாய்க்குள்ள படுத்தா இடி இடிக்கற மாதிரி இருக்கும். நான் அலறிக்கிட்டு வெளிய வந்துட்டேன்" என்று பயமுறுத்திவிட்டுப் போனாள். எனக்கு அப்படியொன்றும் தெரியவில்லை. நான் தூங்கியே போய்விட்டேன். படம் எடுத்தவர் தட்டி எழுப்பி, "இதுல தூங்கின ஆளை இன்னைக்குத்தாம்மா பாக்கறேன்" என்றார்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லேசான தேய்மானம், நரம்பு எங்கேயும் நசுங்கவில்லை, கட்டி கிட்டி ஒன்றும் இல்லை, அறுக்க வேண்டாம். படியிறங்கி வந்து மருத்துவமனை வாசலிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷ அழுகைதான், பயப்படாதே.

ஆனால் கட்டி இல்லை என்றதும் வலி போய்விட்டதா? அது அங்கேயேதான் இருக்கிறது. "பின்ன எதனால டாக்டர் வலிக்குது?" என்றேன். உட்காருகிற விதம், வயசு, கவலை என்று அடுக்கி மாத்திரை எழுதிக்கொடுத்தார். மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது. கோர்ட்டில் தூங்குகிற உரிமை வக்கீல்களுக்கு மட்டும்தான்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் அக்கா


மார்ச் 5

பாம்புச் செவி அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் வந்த அன்று கடையில் எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். மூடியைத் திறந்தபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று அக்கா! கட்டி இல்லை, அறுவை இல்லை. மீதி வலியை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

மாமா முதல் தலையணையை அபகரித்தது எனக்குத் தெரியாதா? இரண்டாவது வருகிறது. இது உருளை. கழுத்துக்கு அடியில் மட்டும் கொடு. இதையும் அவர் எடுத்தால் எழுது, நான் வியாபாரத்தை அவரோடு வைத்துக்கொள்கிறேன்.

இங்கே வாங்க வந்த ஒரு பெரியவர் சொன்னார், மாத்திரையும் பட்டையும் கைவிட்டவர்களைப் பிசியோதெரபிதான் தூக்கி நிறுத்துமாம். கழுத்தைப் பிடித்து நீவி, பயிற்சி சொல்லிக்கொடுப்பார்களாம். போய்த்தான் பாரேன். எதற்கும் ஒரு தடவை.

இவள் ஒன்று கேட்கச் சொன்னாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துப் பேசினால் கழுத்தைச் சாய்க்கவே வேண்டாமே, அண்ணி ஏன் அப்படிப் பேசக் கூடாது என்கிறாள். நான் சொல்லவில்லை, இவள்தான். யோசித்துப் பார்.

உன் டமாரம்


ஏப்ரல் 6

அன்புள்ள டமாரத்துக்கு,

சுகம், சுகம், சுகம்! எப்படி என்று கேள்.

பிசியோவிடம் போனேன். நம்மைவிட இளையவள், குள்ளமாக இருப்பாள், கை மட்டும் இரும்பு. என்னைக் குப்புறப் படுக்கவைத்து, "இங்கதானே?" என்று வலது காதுக்குப் பின்னால் ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்தாள் பார், எனக்குப் போன ஜென்மமெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து அவள் எதிரே உட்கார்ந்ததும், "இந்தத் தசை இருக்கே, தலையை இடது பக்கம் திருப்பறதுக்கு உள்ள கயிறு. அது எந்நேரமும் இழுத்துக்கிட்டே இருக்கு. கூடவே தோள் தசையும் இறுகிப்போய்த்தான் கை மரக்குது. எதுக்காக இப்படி இழுத்துக்கிட்டிருக்கீங்க?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்?

அவள் சொன்ன பயிற்சியைச் செய்தேன். மூன்றாவது வாரம் தெருவைக் கடக்கும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தேன், டமாரம். உடம்பு நேராக இருக்கத் தலை மட்டும் திரும்பியது. ஆசைக்கு இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தேன். சைக்கிளில் வந்தவன் என்னைப் பார்த்துத் தயங்கி நின்றுவிட்டான்.

ஒன்றுதான் அவளுக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமை நீவி அனுப்புகிறாள், ஞாயிறு வரை நன்றாக இருக்கிறேன், திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போனால் சாயங்காலத்துக்குள் பழையபடி கயிறு ஏறிவிடுகிறது. "அங்க எப்படி உக்காந்து எழுதுவீங்க? செஞ்சு காட்டுங்க" என்றாள். ஒரு நாற்காலியைப் போட்டு, நோட்டைப் பார்த்துக் குனிந்து எழுதிக் காட்டினேன். "இதுல ஒண்ணும் தப்பில்லையே" என்று தலையைச் சொறிந்தாள்.

கோர்ட்டை நீ பார்த்ததில்லை. நீதிபதியின் மேடைக்குக் கீழே என் மேசை. இடது பக்கம் சாட்சிக் கூண்டு. எதிரே வக்கீல்கள். நீதிபதி என் முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே. அவ்வளவுதான் விஷயம். சாதாரண மேசை, சாதாரண நாற்காலி.

உருளையையும் மாமா எடுத்துக்கொண்டார், முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். ஏன் என்றேன். வழக்கம்போல் பதில் இல்லை.

உன் அக்கா


மே 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமா?

இனி பிசியோவிடம் போவதில்லை. கழுத்து பரவாயில்லை. தலையணை எதுவும் அனுப்ப வேண்டாம்.

அக்கா


மே 18

அக்காவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நலமாக இல்லை.

என்ன கடிதம் இது? தந்தி அடிக்கிறவன்கூட இதைவிட நாலு வார்த்தை சேர்த்து அடிப்பான். நான் உன்னை என்ன செய்தேன்? 'தம்பிக்கு' என்று எழுதியிருக்கிறாய். என்னைத் தம்பி என்று நீ கூப்பிட்டாலே எனக்குக் காய்ச்சல் வரும். அப்பா போன அன்றைக்குத்தான் கடைசியாக அப்படிக் கூப்பிட்டாய்.

அந்தப் பெண் என்ன சொன்னாள்? ஸ்கேனில் தெரியாத ஏதாவதைக் கையால் கண்டுபிடித்துவிட்டாளா? பெரிய வியாதியா? எதுவாக இருந்தாலும் சொல். கழுத்து தேறிக்கொண்டிருக்கும்போது ஏன் நிறுத்துகிறாய்? எழுதாமல் இருந்தால் எனக்கு நல்லதாகவா தோன்றும்? இவள் சாப்பிடச் சொல்லிக் கூப்பிடுகிறாள், எனக்கு இறங்கவில்லை.

பொறுக்க முடியாமல் மாமாவுக்குப் போன் போட்டேன். என்னவோ சொன்னார். பாதிதான் புரிந்தது. அவர் பேசினால் எறும்புக்குக்கூடக் கேட்காது.

மாசம் முடிவதற்குள் உன் பதில் வராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு வந்து உன் வாசலில் நிற்பேன். சொன்னால் செய்வேன், உனக்குத் தெரியும்.

உன் டமாரம்


மே 27

என் டமாரத்துக்கு,

வரவேண்டாம். பெரிய வியாதி இல்லை. சத்தியம். முதலில் போய்ச் சாப்பிடு, அப்புறம் படி.

சொல்கிறேன். ஆனால் சிரிக்காதே, பரிதாபமும் படாதே.

சென்ற மாதக் கடைசியில் ஒரு விபத்து வழக்கு வந்தது. அடிபட்டவனுக்கு வைத்தியம் பார்த்தவர் என்று சாட்சிக் கூண்டில் ஏறியது யார் தெரியுமா? என் பிசியோ. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டுச் சாட்சி சொல்ல ஆரம்பித்தாள். நான் எழுத ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது. என்னையே பார்த்தாள். பிறகு கைக்குட்டையை எடுத்து, இருமுகிற மாதிரி வாயை மூடிக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தாள்.

என் பேனா நின்றுவிட்டது.

கோர்ட்டு முழுக்க அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. வக்கீல் தலையாட்டுகிறார். எனக்கு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுகிற மாதிரி இருந்தது. "சாட்சி மறுபடி சொல்லணும்" என்றேன். அவள் கைக்குட்டையை எடுத்துவிட்டு நிதானமாக மறுபடி சொன்னாள். முழுக்க எழுதினேன். ஒரு சொல் தப்பவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆமாம், தம்பி. உன் பாம்புச் செவிக்குக் காது கேட்கவில்லை. இடது காது சுத்தமாக அடைத்துப்போய்விட்டது. வலது காதிலும் பாதிதான். நாலைந்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. நான் வாயைப் பார்த்து எழுதுகிறேன். சாட்சி பேசினால் இடது பக்கம் திரும்பி அவர் வாயைப் பார்க்கிறேன், நீதிபதி பேசினால் அதே இடது தோளுக்கு மேலாகத் திருகி அவர் வாயைப் பார்க்கிறேன். கை தன் பாட்டுக்கு எழுதும். போனில் வாய் தெரியாது. அதுதான் போன் வேண்டாம் என்றேன். உன் வீட்டுக்காரி கேட்ட கேள்விக்கு நான் ஏன் பதில் எழுதவில்லை என்று இப்போது புரிகிறதா? கெட்டிக்காரி அவள்.

காது கேட்காத சுருக்கெழுத்துக்காரியை எந்தக் கோர்ட்டு வைத்துக்கொள்ளும்? அந்தப் பயத்தில் வெளியே மூச்சு விடவில்லை. எத்தனை டாக்டரிடம் போனேன்! ஒருவரிடமாவது சொன்னேனா? கழுத்து டாக்டரிடம் காதைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும் என்று மெய்யாகவே நினைத்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரே தலையில்தான் இரண்டும் இருக்கின்றன, பார்.

சாயங்காலம் அவள் கோர்ட்டுப் படியில் எனக்காகக் காத்திருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு, "நீ சாட்சி சொல்ல வந்தியா, என்னைச் சோதிக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் அசரவில்லை. என் எதிரே வந்து, முகம் தெரிய நின்று, "எழுதறவங்க நோட்டைப் பாப்பாங்க. நீங்க ஒரு தடவைகூட நோட்டைப் பாக்கலை. அக்கா, வலி கழுத்துல, காரணம் காதுல. நான் வருஷம் பூரா நீவினாலும் திங்கக்கிழமை திரும்பி வந்துடும். காது டாக்டரைப் பாருங்க, இதுக்கெல்லாம் இப்ப வழி இருக்கு" என்றாள். நான் படியிறங்கி வந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் உனக்கு அந்தத் தந்தி.

நாலு வாரமாக அவள் பக்கம் போகவில்லை. போன திங்கட்கிழமை பேனா மறுபடி நழுவியது. அடுத்த வாரம் காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். போவதா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை. டாக்டர் ஒரு தாளில் எழுதிவிட்டால் அப்புறம் அது நிஜமாகிவிடும்.

அக்கா


ஜூன் 1

அக்கா,

சாப்பிட்டேன்.

போ. கட்டாயம் போ. பேனா நழுவினால் வேலை எப்படியும் போகும், காதைச் சரிசெய்தால் போகாமலும் இருக்கலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காது கேட்காமலே ஒரு சொல் தப்பாமல் எழுதுகிறவளை எந்த மடையன் அனுப்புவான்? எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வருகிறது, அதைவிடப் பெருமையாக வருகிறது.

நாலைந்து வருஷம் ஒருத்தருக்கும் சொல்லாமல் எப்படி இருந்தாய்? எனக்காவது சொல்லியிருக்கலாம். நான் சிரிக்கவில்லை. இவள்தான் படித்துக்கொண்டே அழுதாள், பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஏன் என்று தெரியவில்லை.

போய்விட்டு எழுது. நாங்கள் நலம், மாமாவைக் கேட்டதாகச் சொல்.

டமாரம்


ஜூலை 14

என் அன்பு டமாரத்துக்கு,

கழுத்துக்கு மேலே, கழுத்துக்குக் கீழே, கழுத்து, மூன்றும் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

போனேன். காதுக்குள்ளே ஒரு குட்டி எலும்பு இருக்கிறதாம், சத்தம் வந்தால் ஆட வேண்டியது. அது துருப்பிடித்த கீல் மாதிரி இறுகிப்போயிருக்கிறது. "நரம்பு நல்லா இருக்கும்மா. மெஷின் வெச்சா அருமையாக் கேக்கும். பின்னால வேணும்னா ஆபரேஷனும் பண்ணலாம், அவசரமே இல்லை" என்றார் டாக்டர். இதற்கா இத்தனை வருஷம் செத்துச் செத்துப் பிழைத்தேன்!

இரண்டு காதிலும் மாட்டிவிட்டார்கள். நாற்காலியை விட்டு எழுந்தபோது கிரீச் என்றது. திடுக்கிட்டுத் திரும்பினேன், வலிக்காமல் திரும்பினேன். வெளியே வந்தால் என் செருப்புச் சத்தமே எனக்குத் துணைக்கு வருகிறது.

நீதிபதியிடம் சொல்லித்தானே ஆக வேண்டும். அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நல்ல வேளை சொன்னீங்கம்மா. நான் பேசறப்பல்லாம் நீங்க திரும்பித் திரும்பிப் பாக்கறீங்களே, என் பேச்சு தெளிவா இல்லை போலிருக்குன்னு நெனச்சு நான் வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பழகிக்கிட்டிருக்கேன்." சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்றைக்கே என் மேசையைத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டார். இப்போது சாட்சியும் நீதிபதியும் எனக்கு நேர் எதிரே. நான் நோட்டைப் பார்த்து எழுதுகிறேன். பிசியோ இனி மாதம் ஒரு முறை வந்தால் போதும் என்றுவிட்டாள். படியில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "சாட்சியைத் திட்டினா அது தனி கேஸ்" என்றாள்.

இதெல்லாம் இருக்கட்டும். நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

மெஷினோடு வீட்டுக்கு வந்த முதல் நாள், அடுக்களையில் நின்றுகொண்டு, பதிலை எதிர்பார்க்காமலே, பழக்க தோஷத்தில் கேட்டேன்: "குழாயை மூடினீங்களா?" உள்ளறையிலிருந்து, "மூடிட்டேன்" என்று பதில் வந்தது. சாதாரணக் குரல். முணுமுணுப்பு இல்லை. நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். "மழை வருமா?" என்றேன். "வராது போலிருக்கு." "பேப்பர் வந்துச்சா?" "மேசை மேல வெச்சிருக்கேன்." பைத்தியக்காரி மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். உருளையை ஏன் முழங்காலுக்குக் கொடுக்கிறார் என்றுகூடக் கேட்டேன். "மூட்டு வலி. அன்னைக்கே சொன்னேனே" என்றார்.

உள்ளே போய், "எப்பவும் பதில் சொல்லிக்கிட்டுதான் இருந்தீங்களா?" என்றேன். "பின்ன?" என்றார். "நான்தான் கவனிக்கலைன்னு ஏன் சொல்லலை?" என்றேன். "நீ ஏதோ கோபத்துல இருக்கேன்னு நெனச்சேன்" என்றார். நாலைந்து வருஷமாக ஒரு மனுஷன், கோபத்தில் இருக்கிற பெண்டாட்டிக்கு விடாமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் தலையணையிலேயே முகத்தை வைத்து அழுதேன். அது நல்ல தலையணைதான், டமாரம்.

அப்போதுதான் அம்மா ஞாபகம் வந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டாளே, கோபக்காரி என்று பேர் வாங்கிக்கொண்டே போய்விட்டாளே. அடுத்த தடவை போனபோது டாக்டர் கேட்டார், "இது குடும்பத்துல வர்றது. வேற யாருக்காவது இருக்கா?" என்று. நான் அம்மாவைச் சொன்னேன். பிறகு யோசித்தேன். சின்ன வயதில் உன் குரல் இப்படி இல்லை. உன்னை டமாரம் என்று கூப்பிட ஆரம்பித்தது கடை வைத்த பிறகுதான். ஏன் கத்திப் பேசுகிறாய் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. உன் டி.வி.யைப் பக்கத்து வீடு கேட்கிறது. மாமாவின் பேச்சு உனக்கும் புரியவில்லை. என்னை வாய்க்குள் பேசுகிறேன் என்றாய், நானோ என் காது கேட்காமல் போனில் கத்திக்கொண்டிருந்தேன்.

உன் வீட்டுக்காரி உன்னை ஏன் ஒரு மாதிரி பார்த்தாள் என்று அவளையே கேள். கேட்டுவிட்டு நேரே காது டாக்டரிடம் போ.

உன் அக்கா


செப்டம்பர் 8

பாம்புச் செவி அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். டி.வி.யும் சுகமாக, அடக்கமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அவருடையதைப் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறார்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டேன். அக்காவுக்குத் தன் வியாதியை எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுக்க ஆசை என்று இவளிடம் சொன்னேன். இவள் எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "இவ்வளவு நேரம் உங்களைத்தான் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அதே குட்டி எலும்புதான். எனக்கு வலது பக்கம் அதிகம். நானும் இத்தனை நாளாக ஜனங்களுக்கு வாய் திறந்து பேசத் தெரியவில்லை என்று கடையில் அலுத்துக்கொண்டிருந்தேன். இப்போது நானும் மெஷின்காரன். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். போன் வேண்டாம், கடிதம் போடு என்று நீ எழுதினாயே, அப்போது எனக்கு அப்பாடா என்று இருந்தது. போனில் நீ பேசுவது புரியாமல் 'ஆமா, ஆமா' என்று சொல்லியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். எதற்கெல்லாம் ஆமா சொன்னேனோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். உன் கழுத்து புண்ணியத்தில் தப்பித்தேன் என்று நினைத்தேன். நீ என்னடா என்றால் அதே புண்ணியத்தில் என்னிடமிருந்து தப்பித்திருக்கிறாய்!

ஞாயிற்றுக்கிழமை நாம் போனில் பேசினோமே, அதைப் பற்றி உனக்கே நான் எழுதுவது வேடிக்கைதான். இருந்தாலும் எழுதி வைக்க வேண்டும் போலிருக்கிறது. நான் பழக்கத்தில் 'அக்கா' என்று கத்தினேன். "ஏன்டா கத்தற, நல்லாக் கேக்குதுடா" என்றாய். எனக்கும் கேட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் பேசினோம் என்று தெரியாது. அம்மாவைப் பற்றிப் பேசும்போது உன் குரல் இறங்கியதும் கேட்டது.

அப்போதுதான் உன் பின்னாலிருந்து மாமா, "சாப்பாடு ஆறுது, இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார். இங்கே என் காதில் தெளிவாக விழுந்தது, அக்கா. "இதோ முடிச்சாச்சு" என்று நீயும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். தட்டை மூடி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "மெதுவா வாங்க" என்றார்.

மூன்றாவது தலையணை அனுப்பியிருக்கிறேன். இது மாமாவின் மூட்டுக்கு.

உன் கழுத்து எப்படி இருக்கிறது என்று விசாரிக்க மறந்தே போனேன். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்கிறேன்.

உன் டமாரம்